உருப்பெருக்கியும் உப்புக்காற்றும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் வசிக்கிறேன். ராமநாதபுரத்தில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடும் மியோப்டா ஓபெமஸ் உருப்பெருக்கி (என்லார்ஜர்) ஒன்றை வாங்கி வந்து, வீட்டின் பின்கட்டில் இருட்டறை அமைத்திருக்கிறேன். வடகடலில் கரைவலை இழுப்பவர்களை 35 மி.மீ. கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்து வருகிறேன். 8க்கு 10 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் இடது பக்கம் வலைக்கயிற்றின் புரி வரை தெரிகிறது. வலது பக்கம் நிற்பவர்களின் முகம் கலங்கிவிடுகிறது. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 16 வரை சுருக்கி மூடினால் வலது பக்கம் சற்றுத் தேறுகிறது, ஆனால் படம் முழுவதும் கூர்மை குறைகிறது. இருப்பது பழைய அனாரெட் 50 மி.மீ. லென்ஸ். நல்ல ஜெர்மன் லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா? தவிர, மாலையில் போடும் பிரிண்டுகள் ஒரே நேரக்கணக்கில் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் வருகின்றன. எல்.இ.டி. பல்பு போட்டால் தீருமா? எங்கள் போர்த் தண்ணீர் உப்பு; பிரிண்ட் கழுவ என்ன வழி?

அன்புடன்,
மண்டபம் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லென்ஸ் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் லென்ஸின் தரத்தைக் குறை சொல்லவில்லை. மட்டமான லென்ஸ் என்றால் நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்கும். ஒரு பக்கம் கயிற்றின் புரி தெரிய, மறுபக்கம் முகம் கலங்குகிறது என்றால், எங்கோ ஒரு சாய்வு இருக்கிறது. உருப்பெருக்கியில் நெகட்டிவ் இருக்கும் தளம், லென்ஸ் இருக்கும் தளம், பேப்பர் இருக்கும் தளம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தாக வேண்டும். இதில் பிசகு இருக்கும்வரை எந்த நாட்டு லென்ஸைப் போட்டாலும் வலது பக்கம் கலங்கத்தான் செய்யும். எஃப் 16-க்கு மூடும்போது குவியத்தின் ஆழம் கூடுவதால் சாய்வு ஓரளவு மறைகிறது, ஆனால் அத்தனை சிறிய துளையில் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் கூர்மையை இழக்கிறது. நீங்கள் கண்டது அதைத்தான். 50 மி.மீ. அனாரெட் எஃப் 8-க்கு அருகில் தன் முழுத் திறனையும் காட்டும். செக் நாட்டுப் பிரேரோவ் நகரத்தில் உருவான மியோப்டா நிறுவனத்தின் லென்ஸ்களை 8க்கு 10 அளவுக்கு நான் தயங்காமல் நம்புவேன்.

முதலில் பிழை உருப்பெருக்கியில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெகட்டிவைப் புரட்டாமல், அதே பக்கம் கீழ்நோக்கி இருக்க, அரைச் சுற்று திருப்பி வைத்து ஒரு பிரிண்ட் போடுங்கள். கலங்கல் அந்த முகங்களோடு சேர்ந்து இடது பக்கத்துக்கு இடம் மாறினால் கோளாறு கேமராவிலோ நெகட்டிவிலோ இருக்கிறது. முகங்கள் தெளிந்து, வலது பக்கம் வந்துவிட்ட கயிறு கலங்கினால் கோளாறு உருப்பெருக்கியில் இருக்கிறது. அதன்பின் லென்ஸைத் தன் மரையில் அரைச் சுற்று தளர்த்தி, ஆட்டம் இல்லாமல் பிடித்துக்கொண்டு, புதிதாக ஃபோகஸ் செய்து பாருங்கள். கலங்கல் லென்ஸோடு சேர்ந்து திரும்பினால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்கலாம்.

சாய்வு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அடிப்பலகைதான். நம் கரையில், அதிலும் இருபுறமும் கடல் சூழ்ந்த மண்டபத்தில், பிளைவுட் பலகை ஈரம் குடித்து ஊதும், பிறகு வெயில் காலத்தில் சுருங்கும், ஆனால் பழைய நிலைக்குத் திரும்பாது. ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பலகையின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பாருங்கள். பலகை வளைந்திருந்தால் அதைச் சீர் செய்யப் போராடாமல், கனமான கடப்பைக்கல் பலகை ஒன்றைப் போட்டு அதில் உருப்பெருக்கியின் தூணைப் பொருத்துங்கள். கடப்பைக்கல் எங்கள் ஊர்ச் சமையலறைத் திண்ணையில் இருப்பதுதான். அது ஈரத்துக்கு அசையாது. பேப்பரைப் பிடிக்கும் ஈசலின் தட்டும் சமமாக இருக்க வேண்டும், ஏனென்றால் பேப்பர் இருப்பது பலகையில் அல்ல, அந்தத் தட்டின் மேல்தான்.

அடுத்து, கொத்தனார் வைத்திருக்கும் சிறிய ரசமட்டத்தை ஈசல் தட்டில் இரண்டு திசைகளிலும் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தட்டு சரியான மட்டத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நெகட்டிவ் தளத்திலும் லென்ஸ் பலகையிலும் குமிழி அதே இடத்தில் நின்றால் போதும். ரசமட்டம் தரும் திருத்தம் தோராயமானது. அதற்குப் பிறகு முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு வேண்டும். ஒன்று ஈசல் தட்டில் மேல்நோக்கிப் படுத்திருக்கட்டும். மற்றொன்றின் நடுவே பின்பூச்சைப் பட்டாணி அளவு சுரண்டி, லென்ஸையும் நெகட்டிவ் தாங்கியையும் எடுத்துவிட்டு, நெகட்டிவ் தளத்தில் கீழ்நோக்கி வையுங்கள். விளக்குக் கூட்டைத் திறந்து, சுரண்டிய துளை வழியாகக் கீழே பாருங்கள். கண்ணாடிக்குள் கண்ணாடியாகத் துளைகளின் பிம்பங்கள் நீளும். அவை ஒரே மையத்தில் அடுக்காக நின்றால் இரண்டு தளங்களும் இணை. ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதை அந்த வளைவே சொல்லிவிடும். லென்ஸ் பலகைக்கும் இதே முறைதான். கண்ணாடியை அதன் அடியில் ரப்பர் வளையத்தால் ஒட்டிப் பிடிக்க வேண்டும்.

நெகட்டிவ் தளத்தின் சாய்வைத் தூணின் காலுக்கும் பலகைக்கும் நடுவே தகடு வைத்தும், லென்ஸின் சாய்வை லென்ஸ் பலகையின் இருக்கையில் தகடு வைத்தும் திருத்துங்கள். அட்டைத் துண்டு வேண்டாம், அது ஈரத்தில் உப்பி இன்றைய திருத்தத்தை அடுத்த மழைக்காலத்தில் கெடுத்துவிடும். குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டு போதும். திருத்தியபின் கழுவிய பிலிமின் கறுத்த நுனித்துண்டை எடுத்து, நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஊசியால் கூட்டல் குறி கீறி, தாங்கியில் வைத்து, லென்ஸை முழுவதும் திறந்து ஒளியைப் பாய்ச்சுங்கள். நடுவில் ஃபோகஸ் செய்தபின், பிம்பத்தின் குருணையைப் பெரிதாக்கிக் காட்டும் குருணைக் கண்ணாடியை மூலைமூலையாக நகர்த்தினால், ஊசிக்கீறலின் இரு கரைகளிலும் பிசிறு நிற்பது ஒவ்வொரு மூலையிலும் ஒரே தெளிவில் தெரிய வேண்டும். நீங்கள் பிரிண்ட் போடும் உயரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், பழைய தூண்களில் தலைப்பகுதி மேலே ஏறும்போது சற்றுத் தொங்குவது உண்டு. தூணின் உச்சியைச் சுவரோடு ஒரு கம்பியால் பிணைத்துவிட்டால் அதிர்வும் அடங்கும்.

மாலைப் பிரிண்டுகள் மாறுவதற்குக் காரணம் மின்னழுத்தம். இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறக்குறைய 3.4 மடியில் மாறுகிறது. அதாவது 230 வோல்ட் 207 ஆகக் குறைந்தால், 10 சதவீதம்தானே என்று தோன்றும். வெளிச்சமோ சுமார் 30 சதவீதம் போய்விடும், பிரிண்டில் அது அரை ஸ்டாப் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்). சர்வோ வகை ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ரிலே வகை படிப்படியாகக் குதிப்பதால் எக்ஸ்போஷருக்கு நடுவிலேயே வெளிச்சம் மாறக்கூடும். எல்.இ.டி. போடலாம், ஆனால் அதன் வெள்ளை ஒளியில் நீலமும் பச்சையும் கலந்திருக்கும் விகிதம் வேறு என்பதால், ஃபில்டர் மாற்றிக் கான்ட்ராஸ்டை மாற்றும் மல்டிகிரேடு பேப்பரில் ஃபில்டர் எண்கள் பழைய கான்ட்ராஸ்டைத் தராது. எல்லாவற்றையும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருக்கும். என் விருப்பம் உருப்பெருக்கிக்கென்றே செய்த பால்நிற பல்புதான். சாதாரண பல்பின் நெற்றியில் அச்சிட்ட எழுத்துகள், ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸ் வழியாகப் பேப்பரில் நிழலாக விழுவதுண்டு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பழைய ஒயரின் ரப்பர் உறை வெடித்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டி, உலோக உடலுக்கு எர்த் கொடுத்து மூன்று முள் பிளக் மாற்றிவிடுங்கள். ஈரக் கையோடு தொடும் கருவி அது.

வேலை முடிந்ததும் லென்ஸைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். உருப்பெருக்கியிலேயே விட்டால், நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து லென்ஸின் பூச்சையே அரித்துவிடும். தூணை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவைத்து, மெஷின் ஆயில் ஒரு துளி தடவுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் ஊருக்கு ஒரு வசதி இருக்கிறது. டெவலப்பரைப் போர்த் தண்ணீரில் கலக்க வேண்டாம், கடினநீர் அதில் வெள்ளை வண்டலாகப் படியும். காவிரிக் குடிநீரில் கலக்குங்கள். ஆனால் பிம்பத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவைப் பேப்பரிலிருந்து வெளியேற்றுவதில் உப்புநீர் நல்ல தண்ணீரைவிட வேகமாக வேலை செய்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடல்நீரில் பிரிண்ட் கழுவியபோது கவனித்த உண்மை இது. இன்று விற்கும் ஹைப்போ நீக்கிகளுக்கு அடிப்படையும் இதுதான். ஆகவே பிளாஸ்டிக் பூச்சில்லாத ஃபைபர் பேப்பரின் நீண்ட கழுவலைத் துணியில் வடிகட்டிய போர்த் தண்ணீரிலோ கடல்நீரிலோ தொடங்கலாம். உப்பு பேப்பரில் தங்கினால் வெள்ளிப் பிம்பத்தைக் கெடுக்கும் என்பதால், கடைசிக் கழுவல் மட்டும் காவிரித் தண்ணீரில், ட்ரேயை மூன்று நான்கு முறை புதிதாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் அசைத்து முடியுங்கள். பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பருக்கு இத்தனை பாடு தேவையில்லை. நல்ல தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும்.

அன்புடன்.