அரக்குப் புடவை ஏன் தக்காளி நிறமாகிறது?

ஆரணியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே பட்டுப்புடவை விற்பவர். “பச்சை, நீலம், மஞ்சள் எல்லாம் கேமராவில் ஒழுங்காக வருகிறது. அரக்கும் குங்குமச் சிவப்பும் மட்டும் பெயின்ட் பூசியதுபோல அப்பிக்கொண்டு வருகிறது, மடிப்பே தெரிவதில்லை. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியைக் குறைத்தால் செங்கல் நிறமாகிவிடுகிறது. படத்தில் பார்த்த நிறம் இல்லை என்று இரண்டு புடவை திரும்பி வந்துவிட்டது. சிவப்பைச் சரிசெய்யும் பிரீசெட் 4,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். பணத்தைப் பத்திரமாக வையுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

உங்கள் கேமரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டம்ளரில் அளந்து வைக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டம்ளரும் 0 முதல் 255 வரை பிடிக்கும். வெள்ளைப் புடவையில் மூன்றும் சேர்ந்தே ஏறும். அரக்கில் அப்படியில்லை, சிவப்பு டம்ளர் தளும்பும்போது மற்ற இரண்டும் அடிமட்டத்தில் கிடக்கும். கேமரா வெளிச்சத்தைக் கணக்கிடும்போது பார்ப்பது பெரும்பாலும் மொத்தப் பிரகாசத்தை, அதனால் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. சிவப்பு 255-ல் வழிந்துவிடும், பச்சை மட்டும் மேலே ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை கூடினால் ஆரஞ்சுப் பக்கம் சாயும். உங்கள் அரக்கு தக்காளியாவது இப்படித்தான். மடிப்பின் மேடும் பள்ளமும் இரண்டுமே 255 ஆகிவிட்டால் மடிப்பு எங்கிருந்து தெரியும்? அதற்குப் பிறகு சாச்சுரேஷனைக் குறைப்பது வழிந்த பாலில் தண்ணீர் கலப்பது மாதிரி. நிறம் வெளுக்கும், மடிப்பு வராது.

இதை யாருமே சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஹிஸ்டோகிராம் என்பது படத்தில் இருட்டுப் புள்ளிகள் எத்தனை (இடது), வெளிச்சப் புள்ளிகள் எத்தனை (வலது) என்று காட்டும் வரைபடம். கேமராவில் சாதாரணமாகத் தெரியும் ஒற்றை ஹிஸ்டோகிராம் பிரகாசத்தை மட்டும் காட்டுவது, அந்தக் கணக்கில் சிவப்புக்குச் சுமார் 30 சதவீதம்தான் எடை, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11. அதாவது முழுக்க வழிந்துபோன சுத்தச் சிவப்பு, அந்த வரைபடத்தில் 76-க்குப் பக்கத்தில், இடது பக்கமாக, ‘இன்னும் நிறைய இடம் இருக்கிறது’ என்பதுபோல நிற்கும். இதை நம்பி எத்தனை முகூர்த்தப் படங்கள் பாழாகியிருக்கின்றன! மெனுவில் தேடினால் மூன்று நிறத்துக்கும் தனித்தனியே காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் இருக்கும். அதை முதல் திரையில் வைக்காமல் ஏன் ஒளித்து வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. கடைக் கவுன்டரில் படம் பளிச்சென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கவலை.

சரி, செய்ய வேண்டியது. பிக்சர் ஸ்டைலை (கேமரா படத்துக்கு நிறம் ஏற்றும் விதம்) நியூட்ரலுக்கு மாற்றுங்கள், விவிட் பக்கமே போகாதீர்கள். ரா ஃபைலும் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) சேர்ந்து பதிவாகட்டும், ஜேபெக்கில் வழிந்த சிவப்பு ராவில் பல சமயம் வழியாமல் உள்ளே இருக்கும். நேர் வெயில் படாத ஜன்னலோரம், காலை வெளிச்சம், அறை விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) முதலில் மைனஸ் 0.7-ல் வைத்து ஒரு படம் எடுங்கள். சிவப்பு ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டி நின்றால் மைனஸ் 1, மைனஸ் 1.3 என்று இறக்குங்கள். சுவரைத் தொடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றால் போதும். திரையில் படம் மங்கலாகத் தெரியும், பயப்படாதீர்கள், கம்ப்யூட்டரில் நிழலை மட்டும் தூக்கிக்கொள்ளலாம். போனில் எடுப்பதானால் புடவையின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அது குழம்பி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நிறம் தரும். சாம்பல் நிற கிரே கார்டு ஒன்று வாங்கி அதைக் காட்டி செட் செய்யுங்கள். சலவை செய்த வெள்ளை வேட்டியைக் காட்டுகிறவர்கள் உண்டு. நீலம் போட்ட வேட்டி கேமராவுக்கு நீலம்தான். அதை வெள்ளை என்று நம்பிய கேமரா படத்தைச் சூடாக்கி உங்கள் சிவப்பை இன்னும் ஏற்றிவிடும்.

இப்போது அந்தப் பிரீசெட்காரர். பிரீசெட் என்பது ஸ்லைடர்களை எங்கெங்கே நகர்த்த வேண்டும் என்ற குறிப்பு, வேறொன்றுமில்லை. அவர் வெளிச்சத்தில், அவர் கேமராவில், அவர் எடுத்த படத்துக்குப் போட்ட குறிப்பு உங்கள் ஜன்னலுக்கு எப்படிப் பொருந்தும்? வழிந்துபோன மடிப்பை எந்த ஸ்லைடரும் முழுசாகக் கொண்டுவராது. அவரிடம் உங்கள் ஜேபெக் ஒன்றைக் கொடுத்து, முந்தானை ஜரிகைக்குப் பக்கத்துச் சிவப்பில் நூலைக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். கேமராவின் நிற எல்லையை வழக்கமான எஸ்ஆர்ஜிபியிலிருந்து அடோபி ஆர்ஜிபிக்கு மாற்றினால் சரியாகிவிடும் என்று இன்னொருவர் வருவார். அது விரிவது பச்சைப் பக்கம், சிவப்பின் எல்லை வழக்கமான எஸ்ஆர்ஜிபியில் எதுவோ அதேதான். ஆல்பம் லேபுகளிடமும் ஜாக்கிரதை. நான் பார்த்துப் பார்த்து இறக்கிக் கொடுத்த ஒரு கூரைப்புடவைச் சிவப்பை, ஒரு லேபில் கேட்காமலே ஆட்டோ கரெக்ஷன் போட்டுத் திரும்ப ஏற்றி அச்சடித்துவிட்டார்கள். மணப்பெண்ணின் அம்மா என்னைத்தான் கேட்டார்.

பழைய ஜேபெக்குகள் மட்டும்தான் கைவசம் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஜிம்ப் இலவச மென்பொருள்தான், அதில் படத்தைத் திறந்து சேனல்களை, அதாவது அந்த மூன்று டம்ளர்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவப்பு சேனலில் புடவை வெள்ளைக் காகிதம் மாதிரி வெறுமையாக இருக்கும். பச்சை சேனலுக்குப் போனால் ஜரிகை இழையும் மடிப்பின் நிழலும் புட்டாவின் ஓரமும் அப்படியே உட்கார்ந்திருக்கும். சேனல் மிக்ஸரில் சிவப்புக்குள் பச்சையைக் கால் பங்கு, அதாவது சிவப்பு 75, பச்சை 25 என்று கலந்தால் மடிப்பு ஓரளவு திரும்பும். அப்புறம் சரிசெய்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் நசுங்கும். அந்த வகைச் சுருக்கலில் நான்கு புள்ளிக்கு ஒரே நிறம்தான் வைக்கப்படும், சிவப்புத் துணியில்தான் அது கட்டம் கட்டமாக முதலில் தெரியும்.

ஒன்றே ஒன்றுக்கு இதெல்லாம் பொருந்தாது, உங்கள் ஊரில் அது நிறைய நெய்வதால் சொல்லியாக வேண்டும். பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்று நெய்த இரட்டை நிறப் பட்டு. பாவு சிவப்பு, ஊடை நீலம் என்றால், எதிரே நின்றால் அரக்கு, பக்கவாட்டில் நின்றால் கத்தரிப்பூ. அதற்கு ஒரே சரியான நிறம் கிடையவே கிடையாது. ஒரே படத்தில் ‘சரியான நிறத்தை’ப் பிடிக்க முயன்றால் நாள் முழுக்கப் போராடுவீர்கள், படத்தில் வரும் நிறம் வாடிக்கையாளர் பார்த்த கோணத்தில் இருக்காது, புடவை திரும்பி வரும். ஜன்னலைப் பார்த்த மடிப்பில் சிவப்பு வழியாத அளவுக்கு எக்ஸ்போஷரை இறக்கிப் பூட்டிவிட்டு, அதே செட்டிங்கில் எதிரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முந்தானையைக் கையில் பிடித்து அசைத்து பத்து விநாடி வீடியோ ஒன்று என்று எடுங்கள். ‘இரட்டை நிறம், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும்’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். திரும்பி வந்த இரண்டில் ஒன்றாவது இந்த ரகமாக இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். நாளைக் காலை அதை ஜன்னலில் விரித்து, பாவும் ஊடையும் ஒரே நிறமா என்று முதலில் பாருங்கள்.