நாற்காலி செய்வது எப்படி? புதூர்ப் பட்டறையிலிருந்து சில பதில்கள்

புதூரில் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன்; நாற்காலி, பெஞ்ச் வடிவமைத்துச் செய்கிறேன். "கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்றதற்கு வந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, கட்டடக்கலை மூன்றாமாண்டு படிக்கிறேன். நாற்காலி ஒன்றை வடிவமைத்துச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து வரையத் தொடங்குவது?

பென்சிலைக் கொஞ்சம் ஓரமாக வையம்மா, டேப்பை எடு. உட்காரப் போவது உன் அம்மா என்றால், அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, பாதம் தரையில் படிந்திருக்க, தரையிலிருந்து முட்டியின் உள்மடிப்பு வரை அளந்து பார். ஐந்தடி உயரக்காரருக்கு ஏறக்குறைய 38, 39 சென்டிமீட்டர் வரும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இருக்கை உயரம் 45 என்று போட்டிருக்கும். அது அவர்கள் உயரத்துக்கும், காலில் கிடக்கும் ஷூவுக்கும் சேர்த்த கணக்கு. நாம் வீட்டுக்குள் செருப்பே போடுவதில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு நான் 42-ஐத் தாண்டுவதில்லை. மேசையையும் அதற்கேற்பக் குறைத்துவிடுவேன்.

இன்னொன்று, நம் ஆட்கள் பத்து நிமிடத்தில் ஒரு காலையாவது மேலே தூக்கி மடித்துக்கொள்வார்கள். கைப்பிடிகளுக்கு நடுவே 45 சென்டிமீட்டர்தான் என்றால் முட்டி இடிக்கும். கைப்பிடியை எடுத்துவிடு, இல்லையென்றால் அகலத்தைக் கூட்டு.

அப்புறம் வரை. முப்பது கிறுக்கல் போடு, அழகு பார்க்காதே. அதில் மூன்றை எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் வெட்டி ஒட்டு. கையில் வைத்துத் திருப்பும்போதே இரண்டு கழன்றுகொள்ளும்.

கேள்வி: மரத்தில் மாதிரி செய்துதான் பார்க்க வேண்டுமா? கம்ப்யூட்டரிலேயே 3டி-யில் பார்த்துவிடலாமே? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு நண்பர்)

என் முதல் நாற்காலியை அப்படித்தான் செய்தேன். திரையில் பார்த்துப் பார்த்து இழைத்து, நேரே தேக்கில் இறங்கிவிட்டேன். பெரியம்மா வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முன்னால் வழுக்கி வந்தார், பின்னால் தள்ளி உட்கார்ந்தார், மறுபடி வழுக்கினார். கடைசியில் எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாத்தான்ப்பா இருக்கு" என்றார்.

இருக்கைப் பலகை ரசமட்டம் வைத்தாற்போல மட்டமாக இருந்ததுதான் கோளாறு. சாய்மானத்தில் முதுகைச் சாய்த்தால் இடுப்பு முன்னால் தள்ளப்படும். இருக்கையின் பின்பக்கம் 3, 4 டிகிரி தாழ்ந்திருந்தால்தான் அந்தத் தள்ளல் அடங்கும்.

அன்றிலிருந்து, மிச்சப் பிளைவுட்டையும் ஸ்க்ரூவையும் வைத்து, முழு அளவில் ஒரு கோரமான மாதிரி செய்யாமல் நல்ல மரத்தைத் தொடுவதில்லை. சாய்மானத்தை போல்ட்டில் மாட்டி, 95 டிகிரியிலிருந்து 110 வரை நகர்த்தும்படி வைப்பேன். பட்டறைக்கு வருகிறவர், டீ கொண்டு வரும் பையன், எல்லோரும் உட்கார வேண்டும், அதுவும் இருபது நிமிடமாவது. இருக்கையின் முன்விளிம்புக்கும் முட்டிக்குப் பின்னாலுள்ள சதைக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். போகவில்லையென்றால் ஆழம் அதிகம், கால் மரத்துப்போகும். ரம்பத்தால் அங்கேயே ஒரு சென்டிமீட்டர் அறுத்துவிட்டு மறுபடி உட்காரச் சொல்வேன். திரையில் இதெல்லாம் தெரியாது சார்.

கேள்வி: உசிலம்பட்டியில் எங்கள் கொல்லையில் வெட்டிய வேப்பமரம் கிடக்கிறது. ஆகுமா?

ஆகும். வேம்பு, பூவரசு, வாகை மூன்றிலும் செய்திருக்கிறேன். ஈரம் போக வேண்டும், அதுதான் விஷயம். பலகையாக அறுத்து, நடுநடுவே குச்சி வைத்து, நிழலில் காற்றாட அடுக்குங்கள். சித்திரை வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்று நினைக்காதீர்கள், முனை வெடித்துவிடும். துண்டு ஒன்றைத் தனியே வைத்து, வாரம் ஒருமுறை தராசில் போட்டு எடையைச் சுவரில் எழுதிவையுங்கள். எடை குறைவது நின்றால் அந்தத் துண்டு தயார். தடித்த பலகைக்கு இன்னும் நாளாகும்.

கேள்வி: பின்கால் வளைவாக வேண்டும். பலகையில் வளைவாக அறுத்தால் போதுமா?

மெல்லிய வளைவுக்குப் போதும். வளைவு கூடினால் ரேகை, அதாவது மரத்தின் நாரோட்டம், குறுக்கே அறுபட்டு, அந்த இடத்தில் பிஸ்கட் போல ஒடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நாற்காலி செய்த மைக்கேல் தோனெட் ஆவியில் வேகவைத்து மரத்தை வளைத்தது ரேகை அறுபடாமல் ஓட வேண்டும் என்பதற்குத்தான். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலியில் ஆறே மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, இரண்டு நட். கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி. பொருளை வரையும்போதே அது கப்பலில் ஏறுவதையும் வரைந்துவிட்டார் மனுஷன்.

கேள்வி: ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போதாதா? ஒரு மரத்தில் துளையடித்து, மற்றதன் முனையைக் கழுந்தாகச் செதுக்கி இறக்கத்தான் வேண்டுமா?

வேண்டும், குறிப்பாக இருக்கையைத் தாங்கும் பக்கச்சட்டம் பின்காலில் சேரும் இடத்தில். பின்னிரண்டு காலில் நாற்காலியைச் சாய்த்து ஆடாத பையன் எந்த வீட்டிலும் கிடையாது. பாரமெல்லாம் அந்த மூட்டில்தான் இறங்கும்.

கேள்வி: சண்டிகர் நாற்காலி போலச் செய்து விற்கலாமா?

கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே 1950-களில் சண்டிகர் அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் வடிவமைத்தவை. பழசாகிவிட்டதென்று ஒதுக்கிய அதே நாற்காலிகள் பிறகு வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போயின. அளந்து, ஒன்று செய்து பாருங்கள். கைக்கு நல்ல பாடம். விற்பதற்கு உங்களுடையதைச் செய்யுங்கள்.

கேள்வி: விலை எப்படி வைப்பது?

சாப்பாட்டு நாற்காலிக்குக் கழிவோடு சேர்த்து அரை கன அடி மரம் என்று வையுங்கள். ஆனால் விலையை முடிவுசெய்வது கூலி. ஒன்று செய்ய நான்கு நாள் என்றால், ஐம்பது செய்ய இருநூறு நாள் ஆகாது. முதலில் அச்சுப்பலகைகள், அதாவது ஒரே வடிவில் திரும்பத் திரும்ப அறுக்க உதவும் மாதிரிப் பலகைகள், செய்துகொண்டால் பாதிக்கும் கீழே வரும். அந்த அச்சுப்பலகைக்கான நாட்களையும் கணக்கில் சேர்க்க மறந்து நான் நஷ்டப்பட்டது உண்டு.

கேள்வி: கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியைப் பற்றி உங்களைப் போன்றவர்கள் வாயே திறப்பதில்லையே?

எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஒரே வார்ப்பு, ஒரு மூட்டுகூடக் கிடையாது. அடுக்கினால் அடங்கும், மழையில் கிடந்தால் ஓட்டை வழியே தண்ணீர் வடியும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் மெல்லிய விலாவெலும்பு மாதிரி வரிகள் ஓடும்; அவ்வளவு குறைந்த பிளாஸ்டிக்கில் நம் பாரத்தைத் தாங்குவதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. அடுத்த கல்யாணத்தில் ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள். பந்திக்கு முன்னாலேயே பாருங்கள், அப்புறம் காலி நாற்காலி கிடைக்காது.