விடுமுறைக் காலத்தில் எல்லோருமா மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்? புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, இந்தக் குளிர் நாட்டுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எந்தக் குளிர்ச்சட்டை வாங்குவது, டிசம்பர் விடுமுறையில் எங்கே சுற்றிப் பார்ப்பது என்ற இரண்டுக்கும் உங்களோடு வேலை செய்பவர்களே என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். ஆனால் கடைசியில், போகிற போக்கில் கேட்டதைப் போல, "இந்த மாதம் இங்கே எல்லோரும் குதூகலமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் எதிலும் மனம் ஒட்டவில்லை, நான் இந்த நாட்டுக்குப் பொருந்தாதவனா?" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் பார்ப்பது கடைத்தெருவையும், அலுவலக விருந்தையும், கைப்பேசித் திரையையும். மனம் சோர்ந்தவர் அந்த மூன்று இடங்களிலும் தென்படமாட்டார். அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்விட்டர் பதிவுகளில் வரும் சொற்களுக்கு மகிழ்ச்சி மதிப்பெண் கொடுத்து நாள்தோறும் கணக்கிட்டு வந்தார்கள். ஆங்கிலப் பதிவுகளில் பெரும்பாலும் கிறிஸ்துமஸ் நாளே ஆண்டின் உச்சமாக நின்றது. அதைப் பார்த்துவிட்டு மக்கள் அனைவரும் அன்று மகிழ்ந்திருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அன்று எழுதப்படுபவற்றில் வாழ்த்துகள் மிகுதி, வாழ்த்தில் வரும் சொற்களுக்கு மதிப்பெண்ணும் மிகுதி. அனுப்பியவரின் உள்மனம் அந்தக் கணக்கில் தெரியாது. ஒன்றும் எழுதாமல் திரையை அணைத்துவிட்டுப் படுத்தவர் அதில் இடம்பெறவே மாட்டார்.

நான் வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி பார்த்தேன். பண்டிகை வாரத்தில் மனித மனம் எத்தனை விதமாக இருக்கும் என்பதை அந்த ஒரே தாழ்வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஓர் அறையில் இருந்த அம்மையார் வந்த தொலைபேசி அழைப்புகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்து, என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார். அடுத்த அறையில் இருந்தவருக்குக் கணவர் இறந்தது அதே வாரத்தில் என்பதால், ஜனவரி பிறக்கும்வரை திரைச்சீலையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அதற்கடுத்த அறைக்காரர் வாழ்நாள் முழுவதும் தனியாகவே இருந்து பழகியவர். இந்த ஆரவாரம் எதுவும் அவரைத் தொடவில்லை, எல்லா நாளையும் போலவே நன்றாகத் தூங்கினார், தூங்காத மற்றவர்களைப் பார்த்துக் கேலியும் செய்தார். எங்கள் தலைமைச் செவிலியர் மணவிலக்குப் பெற்றவர். பிள்ளைகள் ஓர் ஆண்டு அவரிடமும் அடுத்த ஆண்டு தந்தையிடமும் விடுமுறையைக் கழிப்பார்கள். பிள்ளைகள் இல்லாத ஆண்டில் யாரும் கேட்காமலேயே இரட்டைப் பணியை எடுத்துக்கொள்வார். அவர்கள் எல்லோரும் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். பொருந்துவது, பொருந்தாதது என்று நீங்கள் எண்ணிக் கலங்குவதற்கும் பிறந்த நாட்டுக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தொடர்பில்லை.

உங்கள் மனம் எதிலும் ஒட்டாததற்கு இன்னொரு காரணம், குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவது. இதை நம்மவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். பல ஆண்டுகளாக இங்கே இருக்கும் சிலர், புதிதாக வந்தவரிடம், "அதெல்லாம் மனப்பிரமை, உழைக்கிறவனுக்கு இந்த நோயெல்லாம் வராது" என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களில் எத்தனை பேர் டிசம்பரில் அரை நாள் தூங்கிக் கழிக்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து 1976-இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். நம்மைப் போலவே வெயில் நாட்டிலிருந்து வந்தவர். குளிர்காலம் வந்ததும் தன் சுறுசுறுப்புக் குறைவதையும், வசந்தத்தில் அது திரும்புவதையும் தன்னிடமே கவனித்தார். பின்னர் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984-இல், பருவகால மனச்சோர்வை முறையாக விவரித்து, அதற்கு வெளிச்சச் சிகிச்சை உதவுவதையும் எழுதினார். அதிகத் தூக்கம், மாவுச்சத்தின் மேலும் இனிப்பின் மேலும் அடங்காத ஆசை, எடை கூடுதல், ஆட்களைத் தவிர்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், விடியும் முன் வேலைக்குப் போய் இருட்டிய பின் வெளியே வருகிற ஒருவர் வாரக்கணக்கில் சூரியனையே பார்க்காமல் இருந்துவிட முடியும். ஆகவே உணவு இடைவேளையில் கட்டடத்துக்குள் உட்கார்ந்துவிடாதீர்கள். மேகம் மூடிய நண்பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அலுவலக விளக்குகளைவிடப் பெரும்பாலும் அதிகம். நான் எந்தக் குளிரிலும் நண்பகலில் வெளியே நடந்தே தீருவேன். என்னோடு வந்தவர்கள் பைத்தியம் என்றார்கள், நான் விடவில்லை. 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தரும் விளக்கின் முன் காலையில் அரை மணி நேரம் உட்காரும் முறையும் உண்டு. கண் நோய் உள்ளவர்களும், மனநல மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தால், அது விடுமுறை முடிந்தால் தானாகப் போய்விடும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி நான் எச்சரிக்க வேண்டியது. பண்டிகை நாளில்தான் தற்கொலைகள் பெருகுகின்றன என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நம்மவர் கூட்டங்களில் இதை ஏதோ கண்ணால் கண்டதைப் போலச் சொல்வோர் உண்டு. ஆனால் அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி தற்கொலைகளின் நாள்சராசரி மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில் டிசம்பரும் ஒன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பெர்க் மையம் இந்தத் தவறான செய்தியைப் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதுகின்றன என்றே ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 26 நாடுகளின் தரவுகளை வைத்து 2024-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆபத்து கூடுவது புத்தாண்டு நாளிலும் திங்கட்கிழமைகளிலும் என்று காட்டியது. கிறிஸ்துமஸ் அன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சற்றுக் குறைந்தது. தென்னமெரிக்க நாடுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் கூடியது. ஒரே பண்டிகை எல்லா மக்களையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். மனநல மருத்துவமனைகளின் அனுபவமும் இதையொட்டியே இருக்கிறது: பண்டிகைக்கு முன்னும் பண்டிகையின்போதும் நோயாளிகளின் வருகை குறைகிறது, பிறகு ஏறுகிறது.

ஆகவே நீங்கள் கவனிக்க வேண்டியது பண்டிகைக்குப் பிறகு வரும் வாரங்களை. விருந்தினர் போய்விட்டார்கள், பரிசு வாங்கிய கடன் அட்டைக் கணக்கு வந்துவிட்டது, இருள் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜனவரியின் மூன்றாம் திங்கட்கிழமையே ஆண்டின் மிகத் துயரமான நாள் என்று ஒரு 'சூத்திரம்' சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2005-இல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் கிளப்பப்பட்டது, அதை நம்பிக் கவலைப்படாதீர்கள். ஆனால் வாழ வேண்டாம் என்ற எண்ணம் எந்த நாளில் எட்டிப்பார்த்தாலும் அன்றே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 116 123 என்ற எண்களில் இரவும் பகலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள்.

உடலும் இதில் சேரும். ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான மாரடைப்புகளை ஆராய்ந்தவர்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளில் ஆபத்து 37 விழுக்காடு கூடியதையும், அன்று இரவு பத்து மணியளவில் அது உச்சத்தை அடைந்ததையும் கண்டார்கள். 75 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏற்கெனவே நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்களுக்கும் அந்தக் கூடுதல் அதிகம். கோபம், துக்கம், பதற்றம் போன்றவை காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அந்த முதியோர் இல்லத்தில் அதே நாளில் மாலைப் பார்வை நேரம் முடிந்த பிறகு யாருடைய அறைக்கு அடிக்கடி போக வேண்டும் என்று எங்கள் தலைமைச் செவிலியர் குறித்துக் கொடுத்த பட்டியலில், பார்க்க ஆள் வராதவர்களோடு, பிள்ளைகள் வந்து வாக்குவாதம் செய்துவிட்டுப் போனவர்களின் பெயர்களும் இருக்கும்.

நம்மவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடுமுறை முழுவதும் தங்களுக்குள்ளேயே கூடி, யார் வீடு பெரிது, யார் பிள்ளை எங்கே படிக்கிறது என்று அளந்துகொண்டிருக்கும் வட்டங்களில் போய் உட்கார்ந்தால், தனிமை தீர்வதற்குப் பதிலாகத் தாழ்வுணர்ச்சி சேரும். அந்தக் கூட்டங்களின் படங்கள் உங்கள் கைப்பேசிக்கும் வரும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள்; அதில் பாதிப் பேர் கார் ஏறியதும் சண்டை போட்டவர்கள் என்பதை அவர்களே பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உடன் வேலை செய்பவர் வீட்டுக்கு அழைத்தால், சிறிது நேரமாவது போய்வாருங்கள். என்னை முதன்முதலில் அழைத்தவர் மிகக் குறைவாகப் பேசும் மனிதர். அவர் வீட்டில் இருந்த நேரம் முழுவதும் நாங்கள் பேசியது சொற்பம். ஆனாலும் திரும்பி வரும்போது தூக்கம் நன்றாக வந்தது.

கடைசியாக, பணி நேரப் பட்டியல். "உங்களுக்குத்தான் இந்தப் பண்டிகை இல்லையே" என்று சொல்லி, புதிதாக வந்தவர்கள் தலையில் எல்லா விடுமுறை நாட்களையும் கட்டிவிடும் வழக்கம் நான் வேலை பார்த்த இடத்தில் இருந்தது. எனக்குப் பண்டிகை இல்லாமல் இருக்கலாம், களைப்பு இருந்தது. அன்று வேலைக்குப் போவது தவறில்லை. வெறும் அறையைவிட ஆட்கள் இருக்கும் இடம் பலருக்கு நல்லது, எனக்கும் நல்லதாகவே இருந்தது. ஆனால் அதற்கு ஈடான விடுப்பு நாட்களை ஜனவரியின் முதல் இரண்டு வாரங்களிலேயே தரும்படி முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.