பேட்டையில் மூடிக்கிடக்கும் பழைய தியேட்டர் கட்டிடம் என்ன ஆகும்? காப்பாற்ற வழி இருக்கிறதா?

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் பகுதித் தியேட்டரில் படம் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, கேட்டில் பூட்டு தொங்குகிறது, கல்யாண மண்டபம் வரப்போகிறது என்று ஒருவர் சொல்கிறார், ஃபிளாட் என்று இன்னொருவர் சொல்கிறார், உறுதியாக யாருக்கும் தெரியவில்லை. நாம் ஏதாவது செய்ய முடியுமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். இடம் தனியாருடையது, கிரயப் பத்திரமும் பதிவாகிவிட்டது என்றால் கட்டிடத்தை முழுசாகக் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். பத்திரம் இன்னும் ஆகவில்லை என்றால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, அதை "இடிக்காதே" என்று பேனர் கட்டிப் போக்கிவிடக் கூடாது. நான் பெரம்பூரில் வளர்ந்தவன், கட்டிட வரைபட வேலையில் பல வருடம் இருந்தவன். ரசிகனாகவும் யோசிக்கிறேன், கணக்குப் போடுகிறவனாகவும் யோசிக்கிறேன், இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பதில்.

எங்கள் பக்கத்து பிருந்தா தியேட்டரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். 1985 ஏப்ரலில் ரஜினிகாந்த் வந்து திறந்துவைத்தது, ஆயிரத்துக்கு மேல் இருக்கை, 2025 ஜூலையில் காட்சிகள் நின்றன, அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று அப்போதே செய்தியும் வந்துவிட்டது. பெரம்பூர் என்றால் ரயில்வே, ஐ.சி.எஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), லோகோ (ரயில் இன்ஜின் பட்டறை), பின்னி துணி மில். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு செகண்ட் ஷோ, வீட்டில் இருக்கிற பெண்களுக்கு மேட்னி, சம்பளம் வந்த வாரம் பால்கனி, மாசக் கடைசியில் முன்வரிசை, இப்படி ஒரு பேட்டையே ஒரு தியேட்டரின் நேரத்தோடு ஒத்துப்போயிருந்தது. மில் 1996-ல் மூடியது, அந்த நிலத்தில் இன்று உயரமான குடியிருப்புக் கட்டிடங்கள் நிற்கின்றன. தியேட்டர் அதற்கு அப்புறமும் கிட்டத்தட்ட முப்பது வருடம் ஓடியதுதான் எனக்கு ஆச்சரியம்.

இப்போது நிலக் கணக்கு, ஏனென்றால் எல்லாமே இங்கேதான் முடிவாகிறது. ஒரு பழைய தியேட்டர் பத்துப் பதினைந்து கிரவுண்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி.) அதில் பாதி வண்டி நிறுத்தவும் கூட்டம் நிற்கவும் போய்விடும், மீதியில் ஒரே ஒரு உயரமான ஹால். உயரம் நான்கு மாடி அளவுக்கு இருந்தாலும் பயன்படும் தரை என்னவோ கீழ்த்தளமும் பால்கனியும்தான். தமிழ்நாட்டின் 2019 கட்டிட விதிகளில் சாதாரணக் கட்டிடத்துக்கு எஃப்.எஸ்.ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு கட்டலாம், உயரமான கட்டிடம் என்றால் 3.25 வரை போகலாம். இன்றைய தியேட்டர் அந்த அனுமதியில் சின்னப் பங்கைத்தான் பயன்படுத்துகிறது. அதோடு பெரம்பூர் வழியாக மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பாதையும் வருகிறது, விலை எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உரிமையாளர் இறந்து பிள்ளைகள் நான்கு பேர் என்றால், அந்த நான்கு பேரும் ஒரு ஹாலைப் பங்கு போட முடியாது, பணத்தைத்தான் பங்கு போட முடியும்.

அதனால் உரிமையாளரைத் திட்டாதீர்கள். இணையத்தில் எந்தத் தியேட்டர் மூடினாலும் "பணத்தாசை பிடித்தவர்கள்" என்று நாலு பேர் எழுதுகிறார்கள், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு படம் ஊருக்குச் சில தியேட்டர்களில்தான் வரும், பெட்டி வந்தால் ஐம்பது நாள், நூறு நாள் என்று ஓடும், ஆயிரம் இருக்கை மெதுவாக நிரம்பிக்கொண்டே இருக்கும். இப்போது அதே படம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் வந்துவிடுகிறது, வெள்ளி, சனி, ஞாயிறு தாண்டினால் கூட்டம் இல்லை. திங்கட்கிழமை மேட்னிக்கு நாற்பது பேர் வந்தாலும் ஏசி முழு ஹாலுக்கும் ஓட வேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து விழுந்தபோது தமிழ்நாடு முழுக்கத் தியேட்டர்களைச் சில நாள் மூடியே போட்டார்கள். அப்புறம் கொரோனா. தண்டையார்பேட்டை அகஸ்தியா 1967-லிருந்து ஓடியது, 2020-ல் அந்தப் பொதுமுடக்கத்தோடு நின்றுபோனது. அசோக் நகர் உதயம் 1983-ல் திறந்தது, 2025-ல் இடித்தார்கள். அவர்கள் எல்லோரும் கடைசிவரை இழுத்துப் பார்த்தவர்கள்தான்.

"சரி, தியேட்டர் வேண்டாம், கட்டிடத்தையாவது வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாமே" என்று உங்களுக்குத் தோன்றும். தொழில் தெரிந்தவனாக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான நல்ல யோசனைகள் முட்டி நிற்கின்றன. தியேட்டர் ஹாலுக்குள் தூணே இருக்காது, இருந்தால் திரையை மறைக்கும். அதனால் கூரை முழுக்க நீளமான இரும்பு டிரஸ் (முக்கோண முக்கோணமாகக் கம்பி இணைத்த சட்டம்) மேல் நிற்கிறது, அதன் மேல் பெரும்பாலும் ஷீட், கீழே ஃபால்ஸ் சீலிங். அந்த டிரஸ் ஷீட்டைத் தாங்கத்தான் கணக்குப் போட்டது, அதன் மேல் இன்னொரு மாடி ஏற்ற முடியாது. தரை திரையை நோக்கிச் சரிவாக இறங்கும், சமதளமாக்க வேண்டுமென்றால் நிரப்ப வேண்டும், அல்லது மேலே தனியாக ஒரு ஸ்லாப் போட வேண்டும். ஜன்னல் கிடையாது. வெளிச்சமும் காற்றும் உள்ளே வரக்கூடாது என்றே கட்டிய கட்டிடத்தில் நூலகமோ பள்ளியோ நடத்த வேண்டுமென்றால் சுவரை உடைக்க வேண்டும், எந்தச் சுவரை உடைக்கலாம் என்று பார்க்க ஒரு நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். ஆபரேட்டர் ரூமை மட்டும் தனியாகத் தடித்த சுவர் வைத்துக் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், அதற்காக வந்த விதிகள் அவை. ஃபிலிம் மாறிய பின்னும் அந்த வழக்கம் மாறவில்லை. என்னிடம் கேட்டால் ஒரு பழைய தியேட்டரில் மிக உறுதியான அறை அதுதான்.

இவ்வளவு செலவு செய்து மாற்றினால் கிடைப்பது ஒரு கிடங்கு அல்லது ஒரு மண்டபம். மண்டபத்துக்கும் சமையல்கட்டு, சாப்பாட்டுக்கூடம், கார் நிறுத்தம் எல்லாம் தனியாக வேண்டும். அதனால்தான் இடித்துவிடுகிறார்கள்.

தப்பித்தவையும் இருக்கின்றன, அவை எப்படித் தப்பித்தன என்று பாருங்கள். சென்னை அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் இருக்கும் தபால்தலைப் பிரிவுக் கட்டிடம், 1913-ல் எலெக்ட்ரிக் தியேட்டராக வாரிக் மேஜர் தொடங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் படம் நின்றது, தபால் துறை வாங்கிக்கொண்டது. அரசுத் துறைக்குப் பயன்பட்டதால் நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. சென்ட்ரல் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால் 1880-களில் எழுந்தது, சென்னையில் சினிமா காட்டிய ஆரம்ப இடங்களில் ஒன்று. அது மாநகராட்சியின் பொறுப்பில் இருந்ததால் எத்தனையோ வருடம் பாழடைந்தும்கூட அரசுப் பணத்தில் அதைப் புதுப்பிக்க முடிந்தது. தனியாரில் பார்த்தால் வடபழனி கமலா: 1972-ல் வந்தது, பெரிய ஹாலை இரண்டு திரையாக மாற்றிக்கொண்டு இன்றும் ஓடுகிறது. அந்த மாற்றத்தைத் தியேட்டர் ஓடிக்கொண்டிருந்தபோதே செய்தார்கள். பூட்டிய பின் யாரும் வந்து செய்வதில்லை.

பூட்டிவைப்பது ரொம்ப ஆபத்து. மதுரை தங்கம் தியேட்டர் 1952-ல் திறந்தது, 2,500-க்கு மேல் இருக்கை, ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 90-களில் மூடி, பல வருடம் சும்மா கிடந்து, கடைசியில் இடித்து இப்போது அங்கே ஜவுளிக்கடை. ஆள் புழங்காத தியேட்டரில் முதலில் கூரை ஷீட் விரிசல் விடும், மழைத்தண்ணீர் ஃபால்ஸ் சீலிங்கை ஊறவைத்துக் கீழே தள்ளும், பால்கனிக் கம்பி துருப்பிடிக்கும், சுவரில் அரசமரம் முளைக்கும். பின்பு ஒரு நாள் "கட்டிடம் பாதுகாப்பில்லை" என்று சான்றிதழ் வாங்குவது சுலபம், அதற்கு மேல் யாராலும் வாதாட முடியாது.

சட்டம் கை கொடுக்குமா? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. சென்னையில் 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நானூற்றுச் சொச்சம் கட்டிடங்கள் கொண்ட பட்டியலைப் பாதுகாக்கச் சொன்னது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் கட்டிடங்கள், கோயில்கள், கல்லூரிகள். 60-களிலும் 80-களிலும் எழுந்த ஒரு பேட்டைத் தியேட்டரை இங்கே யாரும் பாரம்பரியமாக நினைப்பதில்லை. நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பெரிய மனிதர்கள் கூடிய மண்டபத்துக்கு மதிப்பு, கூலிக்காரர்கள் ஆயிரம் பேர் தினமும் கூடிய மண்டபத்துக்கு மதிப்பில்லை என்றால் பட்டியல் போட்டவர்களின் பார்வையில்தான் கோளாறு. எனினும் உங்கள் தியேட்டருக்கு இன்றைக்கு இந்த வழி திறக்கும் என்று நம்பிக்கை கொடுக்க என்னால் முடியாது.

அப்படியானால் எதைக் கேட்பது? மகாராஷ்டிரத்தில் வெகுகாலமாக ஒரு விதி உண்டு: பழைய தியேட்டர் இருந்த மனையில் புதிதாகக் கட்டினால் அதற்குள் ஒரு சிறிய தியேட்டராவது வைக்க வேண்டும். அங்கே கட்டுமானக்காரர்கள் அதை எதிர்க்கிறார்கள், பல மனைகள் அதனாலேயே முடங்கிக் கிடக்கின்றன என்கிறார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணம் சரி என்றே நினைக்கிறேன். நம் ஊரில் அதைக் கட்டாயமாக்காமல், கீழ்த்தளத்தில் இருநூறு முந்நூறு இருக்கையில் ஒரு ஹால் வைத்தால் அந்தப் பரப்பை எஃப்.எஸ்.ஐ கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று அரசு சலுகையாகக் கொடுத்தால் போதும், கட்டுகிறவருக்கும் நஷ்டமில்லை. படம் போடலாம், நாடகம் போடலாம், பள்ளி ஆண்டு விழா நடத்தலாம். இதைக் கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் எழுத்தில் கொடுங்கள், பிளான் அனுமதிக்குப் போவதற்கு முன்பே கொடுங்கள். கட்டுகிறவர்கள் "புதிய கட்டிடத்துக்குப் பழைய தியேட்டர் பெயரையே வைக்கிறோம்" என்று சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்ப்பார்கள். பெயரை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

அதற்குள் இன்னொரு வேலையும் இருக்கிறது, இதற்கு யார் அனுமதியும் பெரிதாகத் தேவையில்லை, உரிமையாளரிடம் மரியாதையாகப் போய்க் கேட்டால் பெரும்பாலும் திறந்துவிடுவார்கள். உள்ளே போய்ப் படம் எடுங்கள். முகப்பை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள்: டிக்கெட் கவுன்டரின் கம்பி வளைவுகள், வகுப்புவாரியாகக் கட்டணம் எழுதிய பலகை, ஆபரேட்டர் ரூம், அங்கே பழைய புரொஜெக்டர் இருந்தால் அதன் கம்பெனித் தகடு, கார்பன் குச்சி எரிந்த கூண்டு, பால்கனிப் படிக்கட்டு, கேன்டீன். அளவு டேப் எடுத்துப் போய் ஹாலின் நீளம், அகலம், சரிவு குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பாலிடெக்னிக் பிள்ளைகள் இருந்தால் ஒரே நாளில் வரைந்துவிடுவார்கள். பழைய டி.சி.ஆர் (தினசரி வசூல்) கணக்கு நோட்டுகள், போஸ்டர்கள், சி ஃபார்ம் லைசென்ஸ் (தியேட்டர் நடத்தும் உரிமம்) நகல் ஏதாவது ஆபீஸ் அறையில் கிடக்கும், பழைய பேப்பர்காரருக்குப் போவதற்கு முன் கேட்டு வாங்குங்கள், வாங்கியதைச் சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். ஆபரேட்டர், கேட் கீப்பர், கேன்டீன்காரர், சைக்கிள் ஸ்டாண்டு போட்டவர், இவர்களிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். இவர்களில் பலர் பி.எஃப் கூட இல்லாமல் வேலை பார்த்தவர்கள், தியேட்டர் கைமாறும்போது இவர்களுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லி ஊரார் நாலு பேர் சேர்ந்து உரிமையாளரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

முதல் வேலையாகப் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், இலவசமாகவே பார்க்கலாம். விற்பனை நடந்திருக்கிறதா இல்லையா என்று அதிலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், இன்னும் விற்கவில்லை என்றால் மனு எழுத நான் உதவுகிறேன்.