பட்டமா, சான்றிதழா: கோத்தகிரி வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: என் மகன் கோத்தகிரியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறான். உதகை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணினி அறிவியலில் இடம் கிடைத்துள்ளது. கோவையிலுள்ள ஒரு பயிற்சி மையமோ, ஆறே மாதத்தில் மூன்று சான்றிதழ்களுடன் வேலைக்குப் போய்விடலாம் என்கிறது. கட்டணம் கட்டலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம். மகனைக் கல்லூரியில் சேருங்கள்.

அந்த மையம் தருவதாகச் சொல்லும் சான்றிதழ் யாருடையது என்பதை முதலில் கேளுங்கள். பயிற்சியை முடித்ததற்கு மையமே அச்சிட்டுத் தரும் தாள் வேறு. சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட் போன்ற நிறுவனங்களின் தேர்வை எழுதித் தேறிப் பெறும் சான்றிதழ் வேறு. வேலை தருபவர் மதிப்பது இரண்டாவதை மட்டுமே. சிஸ்கோவின் வலையமைப்பு (நெட்வொர்க்) சான்றிதழான சிசிஎன்ஏவின் தேர்வுக் கட்டணம் 300 டாலர். மையம் கேட்கும் தொகையில் அது அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது.

உண்மையான சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு. சிசிஎன்ஏ 3 ஆண்டுகளில் காலாவதியாகும். மைக்ரோசாஃப்டின் அசோசியேட் எனப்படும் இடைநிலைச் சான்றிதழ்களை ஆண்டுதோறும் இணையவழியில் கட்டணமின்றிப் புதுப்பிக்க வேண்டும். பட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 தேர்வுகள், வங்கி அதிகாரி பணி, முதுகலைப் படிப்பு ஆகியவற்றுக்குப் பட்டம் இல்லாமல் விண்ணப்பிக்கவே இயலாது. பெரிய ஐடி நிறுவனங்கள் பலவற்றிலும் மனிதவளத் துறையினர் பட்டத்தையும் அரியர் விவரத்தையும் பார்த்தே விண்ணப்பங்களைச் சலிக்கிறார்கள் என்பதால், திறமையைச் சோதிக்கும் ஆள் வரைக்கும் உங்கள் மகனின் பெயர் போய்ச் சேராமலே நின்றுவிடக்கூடும்.

அதற்காகப் பட்டம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். '192.168.10.0/26 என்ற வலையமைப்பில் எத்தனை கருவிகளுக்கு முகவரி தரலாம்?' என்பது நேர்முகத் தேர்வில் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. /26 என்றால் மொத்தம் 64 முகவரிகள்; வலையமைப்பையே குறிக்க ஒன்றும், எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரச் செய்தி அனுப்பும் பிராட்காஸ்டுக்கு ஒன்றும் கழித்தால் 62. நல்ல மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றவர்களில் பலர் இங்கே திணறுவார்கள். சிசிஎன்ஏவுக்கு ஒழுங்காகப் படித்தவர் மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்.

ஆகவே மூன்றாம் ஆண்டில் ஒரே ஒரு சான்றிதழை இலக்காக வையுங்கள். அதற்கு முன்பே எடுத்தால் அதன் ஆயுளில் பாதி கல்லூரியிலேயே கழிந்துவிடும். வலையமைப்பில் ஆர்வம் இருந்தால் சிசிஎன்ஏ; லினக்ஸ் இயங்குதளம் பிடித்திருந்தால் ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ. பின்னதில் விடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை, இயங்கும் கணினியில் கேட்ட பணியைச் செய்து காட்ட வேண்டும். பழைய வினாக்களை மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது என்பதால் எனக்கு அதன்மீது தனி மதிப்பு உண்டு.

பல தேர்வுகளை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆயினும் இணைய இணைப்பு நடுவில் அறுந்தால் தேர்வே ரத்தாகிவிடக்கூடும் என்பதால், மழைக்கு மின்சாரம் போகும் நம் மலையில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. கோவையிலுள்ள தேர்வு மையத்தில் பதிவு செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுந்தால், மண்சரிவுக்குப் பயந்து முந்தைய நாளே மேட்டுப்பாளையம் இறங்கிவிடச் சொல்லுங்கள்.