வேகவச்ச காய் ரத்தக்குழாய்க்கு நல்லதா?

பச்சையா தின்னாதான் ரத்தக்குழாய் அழற்சி குறையும், வெந்தா சத்து போச்சுன்னு சொல்றாங்களே, உண்மையான்னு கேட்டிருக்கீங்க. முழுசா அப்படி இல்லங்க. 2022ல பிரிட்டன்ல சுமார் 4 லட்சம் பேர வச்சு வந்த ஆய்வுல பச்சைக் காய் சாப்பிட்டவங்களுக்கு இதய நோய் கம்மியா தெரிஞ்சுது, ஆனா அவங்க வசதி, சிகரெட் பழக்கம்லாம் கணக்குல எடுத்ததும் அந்த வித்தியாசம் பெரும்பாலும் குறைஞ்சு போச்சு.

கீரைல உள்ள நைட்ரேட் உடம்புல நைட்ரிக் ஆக்சைடா மாறி குழாய தளர்த்தும், அந்த நைட்ரேட் தண்ணில கரைஞ்சிரும், அதனால வேகவச்சு வடிச்சுக் கொட்டாதீங்க, நம்ம மார்த்தாண்டம் பக்கம் முருங்கைக்கீரை துவரனுக்கு (பொரியல் மாதிரி) லேசா தண்ணி தெளிச்சு மூடி வச்சு எடுப்பாங்கல்ல, அந்தப் பக்குவம்தான் சரி. தக்காளி எண்ணெயோட வெந்தா அதோட செவப்புக்குக் காரணமான லைக்கோபீன்ங்கிற சத்து இன்னும் நல்லா உடம்புல சேரும். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில பொரிச்ச நேந்திரங்கா சிப்ஸ்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. கொலஸ்ட்ரால் மாத்திரைய மட்டும் காய நம்பி நிறுத்திராதீங்க.