அம்மாவின் வாட்ஸ்அப் பறிபோனால் முதலில் செய்யவேண்டியது

கொரியர்காரன் என்று பேசியவன் சொன்னபடி 21ல் தொடங்கும் ஒரு எண்ணை அம்மா டயல் செய்தார், அரைமணி நேரத்தில் அவர் வாட்ஸ்அப்பிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் பணம் கேட்டுச் செய்தி போகிறது என்கிறீர்கள். அம்மாவைத் திட்டாதீர்கள், யாரும் ஏமாறக்கூடிய வேலை இது. அந்த டயல் அவருக்கு வரும் அழைப்புகளை அவன் எண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. வாட்ஸ்அப் உள்ளே நுழையக் கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டைக் குரல் அழைப்பிலும் சொல்லும் என்பதால், அம்மா போன் ஒலிக்காமலே அது அவன் காதுக்குப் போய்விடும்.

அதனால் முதலில் அம்மா போனில் ##002# டயல் செய்யுங்கள், திருப்புதல் எல்லாம் ரத்தாகும். அப்புறம் அதே எண்ணில் வாட்ஸ்அப்பை மறுபடி பதிவு செய்து எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைப் போட்டால் அவன் வெளியே போய்விடுவான். அவன் போட்டுவைத்த ரகசிய எண்ணை (PIN) வாட்ஸ்அப் கேட்டால் ஏழு நாள் வரை காத்திருக்க வேண்டிவரும், ஆனால் அதற்குள் அவனாலும் உள்ளே வரமுடியாது. திரும்பக் கிடைத்ததும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (குறியீட்டோடு உங்கள் ரகசிய எண்ணையும் கேட்கும் வசதி) போட்டுவிட்டு, இணைக்கப்பட்ட சாதனங்களில் தெரியாதது எதுவும் இருந்தால் நீக்குங்கள்.

சொந்தக்காரர்களுக்கு இப்போதே போன் செய்து சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் அவர்களே உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைக்கட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கைமாறிப் போய்விடும்.